வெயில் விழுற வாசல்

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி போகும் பஸ்ஸில் நான் நின்றுகொண்டு வந்தேன். எனக்குக் கிடைக்காத சீட்டில் ஒரு காலி மண்ணெண்ணெய் டின் உட்கார்ந்திருந்தது. டின்னுக்குச் சொந்தக்காரி பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னாள்:

"எங்க மொளகாச் செடி எல்லாம் பார்வதி வாசல்லதான் காய்க்குது."

"அவகூட நீங்க பேசுறதே இல்லியேக்கா?"

"பேசுறதில்லதான். ஆனா எங்க லயத்து வீட்டு வரிசையில அவ வாசல்லதான் நாள் பூரா வெயிலு. எங்க வாசல பலா மரம் மறைக்குது. அதான் டின்னோட தூக்கி அங்க வச்சிட்டேன்."

"தண்ணி?"

"வாசல்ல செடி வாடுனா வீட்டுக்கு ஆகாதுன்னு அவளே ஊத்திருவா."

"காய பறிச்சிற மாட்டாளா?"

"பேச்சு இல்லாத வீட்டுப் பொருள தொடுவாளா? ரோசக்காரி!"

"அப்ப இந்த டின்னு?"

"கத்தரிக்கு. அதுக்கும் அங்கதான் எடம் பாத்து வச்சிருக்கேன்."

மற்றவள் கொஞ்சம் யோசித்தாள். "பாவங்க்கா, இம்புட்டுச் செய்யுறா. தீவாளிக்காவது அவகூட பேசிருங்க."

அக்கா பதறிப்போய் டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, பேசுனா மொளகா கேப்பாளே!"