கண்ணில் படக்கூடாத சட்டை

மோனிகா: முடியாதுன்னா முடியாது, ஹரி. இத கழட்டவே கால் மணி நேரம் ஆவும். பட்டன பாரு… கழுத்துலருந்து இடுப்பு வரைக்கும்!

ஹரிதா: பேண்டு கோட்டு மட்டும் குடு மோனி, தொப்பி கூட வேணா. எங்க நைனா ஒரு தபா பாத்துட்டு கேலரிக்குப் போவட்டும். ஒடனே திருப்பிக் குடுத்துடறேன்.

மோனிகா: அது வரைக்கும் நான் பனியனோட நிக்கவா? திருப்பதி முழுக்க இந்த கிரவுண்டுலதான் கீது.

ஹரிதா: வண்டிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கோ.

மோனிகா: பேண்டு மாஸ்டர் ரமணா சார் பாத்தாருன்னா என்னையும் உன்கூட வண்டி தள்ள வுட்ருவாரு… ஐயோ, அப்படிச் சொல்லலடி. கோச்சுக்காத.

ஹரிதா: கோவம் இல்ல. நெஜந்தான சொன்ன.

மோனிகா: டிரம்லருந்து உன்ன எடுத்து எத்தினி மாசம் ஆவுது! இன்னுமா வீட்டுல சொல்லல?

ஹரிதா: சொல்லலாம்னுதான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணுவேன். எடுத்தவொடனே, "பேண்டு எப்படிமா போவுது?"ம்பாரு. "சூப்பரா போவுது நைனா"ன்னு வாயி தானா சொல்லிடும்.

மோனிகா: அடிக்கறது நல்லாத்தான் அடிக்கற. காலுதான்…

ஹரிதா: தெரியும், தெரியும். நீங்க அம்பது பேரும் எடது கால் வெச்சா நான் ஒருத்தி வலது கால் வெப்பேன். உள்ள போற நேரத்துல அத வேற ஞாபகப்படுத்து.

மோனிகா: அதையே நைனாகிட்ட சொல்லு. கால் ஒத்து வரல, அதனால கட்டையில தட்டி வாசிக்கற சைலஃபோன வெச்ச வண்டிய தள்றேன்னு. வண்டி போவலன்னா சைலஃபோன் கிரவுண்டுக்கு நடந்தா வரும்?

ஹரிதா: நகரி ஊர்ல எங்க தெருவுல பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு, எம் பொண்ணு பேண்டுல இருக்கான்னு. இன்னிக்கு அதுக்காக தறிய நிறுத்திட்டு வராரு. பொங்கலுக்குக் கூட அரை நாள் ஓட்டற மனுஷன்…

மோனிகா: சரி, அழுவாத. ஆமா, காலர்ல இன்னாது மஞ்சளா?

ஹரிதா: புதுத் துணின்னு அம்மா மஞ்சள் வெச்சிருக்கு. நேத்து சாயங்காலத்துலருந்து தேய்க்கறேன், போவ மாட்டேங்குது.

மோனிகா: உள்ள மடிக்கறதுதான? மஞ்சளோட தேங்கா எண்ண வேற கொழச்சு வெச்சிருக்காங்க பாரு, மின்னுது. சார் இன்னா சொன்னாரு? "கறுப்பு சட்டை, கறுப்பு பேண்ட்டு, கறுப்பு ஷூ. பூ கூடாது, வளையல் கூடாது, மின்னற எதுவும் கூடாது. வண்டி நவுந்தது தெரியணும், நவுத்தினவங்க தெரியக்கூடாது."

ஹரிதா: அத கேட்டப்ப ஒரு விதத்துல சந்தோஷமாத்தான் இருந்துச்சு மோனி. நைனா கண்ணுக்கும் தெரிய மாட்டேன் பாரு.

மோனிகா: ஏய், அங்க பாரு… அந்த அய்யப்ப சாமி உன்னப் பாத்துதான் கைய ஆட்டறாரு.

ஹரிதா: எங்க? …ஐயோ, நைனா! மாலை போட்டிருக்காரா? என்கிட்ட சொல்லவே இல்லியே.

மோனிகா: சாமி சரணம் அங்கிள்!

வேதாச்சலம்: ஆங்… ஆங்… நல்லா இரும்மா. கோட்டு எடுப்பா கீது உனக்கு.

மோனிகா: தேங்க்ஸ் அங்கிள். ஹரி, நான் போறேன். நீ… நீ பேசிட்டு வா.

ஹரிதா: வா நைனா. பஸ்ஸு கூட்டமா?

வேதாச்சலம்: புத்தூர் வரைக்கும் நின்னுக்கினு வந்தேன். துன்னியா?

ஹரிதா: துன்னேன். நீ?

வேதாச்சலம்: பஸ் ஸ்டாண்டுல ரெண்டு முட்ட தோச.

ஹரிதா: முட்ட தோசையா! மாலை போட்டுக்கினா?

வேதாச்சலம்: …எங்கடி உன் செவப்புக் கோட்டு?

ஹரிதா: கோட்டா? அது… கடசில போடுவோம் நைனா. இப்பவே போட்டா வேர்த்து நனைஞ்சிடும்.

வேதாச்சலம்: உன் சிநேகிதி போட்டுக்கினு கீறாளே.

ஹரிதா: அவ முன் வரிசை. முன் வரிசைக்கு மொதல்ல குடுத்துடுவாங்க.

வேதாச்சலம்: ஓகோ. இது நாம தெச்ச சட்டதான? லேபுக்கு வேணும்னு கேட்டியே.

ஹரிதா: அதேதான்.

வேதாச்சலம்: லேபுல வெள்ளக் கோட்டுதான் போடுவாங்கன்னு பக்கத்து வீட்டு ரங்கையா பையன் சொன்னான்.

ஹரிதா: அவன் காலேஜு வேற, எங்க காலேஜு வேற.

வேதாச்சலம்: அப்படியா. படிச்சவங்க சொன்னா சரியா இருக்கும்.

ஹரிதா: கிண்டலா? இரு இரு… நைனா, நீ எப்பலருந்து ஷூ போடற? மாலை போட்டா செருப்பு கூட போடக்கூடாதே.

வேதாச்சலம்: தார் ரோடு சுடுது.

ஹரிதா: மார்கழி மாசத்துலயா?

வேதாச்சலம்: உங்க திருப்பதில சுடுதுமா, நான் இன்னா பண்ண? நீ எந்தப் பக்கம் நிப்ப, அத சொல்லு. கை காட்டறேன்.

ஹரிதா: கையெல்லாம் காட்டாத! நாங்க நேராத்தான் பாக்கணும். நீ மேல… கேலரில கடசி வரிசைல போய் ஒக்காரு.

வேதாச்சலம்: கடசிலயா? கண்ணாடி போட்டாலும் எதிர்ல கீற நூலு ரெண்டா தெரியுது எனக்கு.

ஹரிதா: டிரம் சத்தம் அங்கதான் நல்லா கேக்கும்.

வேதாச்சலம்: சத்தத்த கேக்கவா வந்தேன்? தறி சத்தம் பத்தாதா எனக்கு?

ஹரிதா: எல்லாருக்கும் ஒரே தொப்பி நைனா. பக்கத்துல ஒக்காந்தாலும் கண்டுபுடிக்க முடியாது.

வேதாச்சலம்: தொப்பிய யாரு பாக்கறா? நடையில கண்டுபுடிச்சிருவேன். ஸ்கூல்ல ஆகஸ்ட் பதினஞ்சுக்கு நடந்து போவீங்களே… எல்லாரும் ஒரு காலு, எம் பொண்ணு மட்டும் மறு காலு. உங்கம்மா சிரிச்சு சிரிச்சு கண்ணு தொடச்சுக்குவா.

ஹரிதா: நேரமாவுது நைனா.

வேதாச்சலம்: எனக்கு தறில கறுப்புப் பாவு நூல் ஓட்டறதுன்னாலே புடிக்காதுமா. ஏன் தெரியுமா? நூல் அறுந்தா கண்ணுக்குத் தெரியாது. வெரல வெச்சு தடவித் தடவித்தான் பாக்கணும்.

ஹரிதா: இப்ப எதுக்கு நைனா அது?

வேதாச்சலம்: சும்மா. சட்டையப் பாத்தேன், தோணுச்சு.

ஹரிதா: நைனா… ஒண்ணு சொன்னா…

வேதாச்சலம்: சொல்லு.

ஹரிதா: …தண்ணி பாட்டில் வெச்சிருக்கியா?

வேதாச்சலம்: இந்தா.

மோனிகா: ஹரி! ஹரி, தொந்தரகா ரா, சீக்கிரம் வா! அடுத்தது நம்ம பேருதான். சார் கத்தறாரு, வண்டிகிட்ட ஒருத்தரும் இல்லியாம்!

ஹரிதா: மோனி…!

மோனிகா: உன்கூட தள்ற சுனிலுக்கு பரீட்சைன்னு நேத்தே சொல்லிட்டானாம். ஒருத்தியா எப்படித் தள்ளுவ? அவனுக்குப் பதிலா வெளியிலருந்து ஒரு ஆளு வராருன்னு சார் சொன்னாரு, அவரையும் காணோம்… ஐயோ. சாரி. அங்கிள், நான்… சாரி ஹரி.

வேதாச்சலம்: எந்த வண்டிமா?

மோனிகா: அது… நான் வரிசைல நிக்கணும் அங்கிள். போறேன்.

வேதாச்சலம்: ஹரிம்மா.

ஹரிதா: நான் டிரம் அடிக்கல நைனா.

வேதாச்சலம்: ம்.

ஹரிதா: கால் ஒத்து வரலன்னு எடுத்துட்டாங்க. சைலஃபோன் வெச்ச வண்டிய உள்ள தள்ளிக்கினு போய் வுடுவேன். அவங்க வாசிக்கற வரைக்கும் ஓரமா குந்திக்கினு இருப்பேன். முடிஞ்சதும் வெளிய தள்ளிக்கினு வருவேன். அவ்ளோதான் என் வேல. கோட்டு கெடையாது, தொப்பி கெடையாது. நீ கேலரில ஒக்காந்து தேடியிருந்தா… கெடச்சிருக்கவே மாட்டேன்.

வேதாச்சலம்: ம்.

ஹரிதா: இன்னா ம்? திட்டேன்!

வேதாச்சலம்: அந்த வண்டி கனமா?

ஹரிதா: …கனந்தான். புல்லுல சக்கரம் எறங்கும்.

வேதாச்சலம்: நம்ம தறி பாவு உருளைய வுட கனமா?

ஹரிதா: நைனா, நான் இன்னா சொல்லிக்கினு இருக்கேன், நீ இன்னா கேட்டுக்கினு இருக்க?

வேதாச்சலம்: காதுல வுழுந்துது. நட, நட, பேசிக்கினே போலாம். வண்டி எங்க, அதா? இந்தப் பக்கம் நான் புடிக்கறேன். அந்தப் பக்கம் நீ புடி.

ஹரிதா: நீ எப்படி உள்ள வருவ? வெளியாளுங்கள வுட மாட்டாங்க. ரமணா சார் அங்கதான் நிக்கறாரு… பாரு, கை காட்டறாரு. என்னை இல்ல… உன்னப் பாத்து கை காட்டறாரு!

வேதாச்சலம்: மரியாதக்காரரு. இரு, கழுத்துல சுத்தின இந்த வெள்ளத் துண்ட எங்கியாச்சும் வெய்யி. இது கண்ணுல படும்.

ஹரிதா: …நைனா, கழுத்துல மாலை எங்க?

வேதாச்சலம்: போட்டாதான இருக்கும்?

ஹரிதா: அப்ப இந்தக் கறுப்பு சட்ட? பேண்ட்டு? ஷூ… இது யாரு ஷூ?

வேதாச்சலம்: ரங்கையாது. கட்ட வெரல கடிக்குது.

ஹரிதா: இரு, குனி. காலர்ல… நைனா, உன் காலர்லயும் மஞ்சள் கீது.

வேதாச்சலம்: உங்கம்மா வெச்சதுதான். ஒரே துணி, ரெண்டு சட்ட. உன்ன டிரம்லருந்து எடுத்த அன்னிக்கே ரமணா சார் ஃபோன்ல சொல்லிட்டாருமா. நீயா சொல்லுவன்னுதான் வாராவாரம் கேட்டுக்கினு இருந்தேன். சுனில் வரலன்னு நேத்து மறுபடியும் கூப்ட்டாரு, நான் வரேன்னேன். இன்னா உடுத்திக்கினு வரணும்னு மட்டும் கேக்கல… அது வண்டிக்கான கறுப்பு சட்டதான்னு தெரிஞ்சு, என்னிக்காச்சும் ஆளு கொறஞ்சா நானும் தள்ளலாம்னு, உன் லேபு சட்டய வெட்டறப்பவே டைலருகிட்ட எனக்கும் ஒண்ணு சொல்லி வெச்சிருந்தேன். காலர மடிச்சு வுடு, உன்னதையும் மடிச்சுக்கோ. எந்தக் கால மொதல்ல வெக்கணும், நீயே சொல்லு.