நனைக்காத ஆணி

மழைக்காலம் தொடங்கினால் வாளுக்கு எண்ணெய் மாற்ற வேண்டும். அசட்டையாக விட்டால் துரு ஏறிவிடும். உங்கள் வீட்டிலும் இந்த வாரம் அந்த வேலை நடந்திருக்கும், ஐயா.

நம் சாமுராய்களில் எவனும் தன் வாளை உடன்பிறந்த தம்பியிடம்கூடக் கொடுக்க மாட்டான். ஆனால் என் நண்பன் ஹன்ஜூரோவின் வாளுக்கு நான்தான் எண்ணெய் போடுவேன், என் வாளுக்கு அவன். ஒரே ஆசானிடம் மரவாள் அடி வாங்கிய காலத்திலிருந்து அப்படித்தான்.

கோட்டையின் வாள் ஆசான் பதவி இந்த வசந்தத்தில் காலியானது. எனக்குத்தான், இந்தக் குன்பெய்க்குத்தான் கிடைக்கும் என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன். கிடைத்தது ஹன்ஜூரோவுக்கு. காரியஸ்தர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்: "வலது மணிக்கட்டு பழுதாமே. இதைப் போய் ஒளிச்சு வெச்சீங்களே?"

அதை நான் ஹன்ஜூரோவிடம் மட்டுமே சொல்லியிருந்தேன். என் மனைவி ஓரினுக்கும் தெரியும். கடைத்தெருவில் மணிக்கட்டுக்கு மருந்துப் பற்று வாங்கி வருபவள் அவள்தான். பெண்கள் கடையில் பேசுவதையெல்லாம் யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்?

அன்று மாலையே ஹன்ஜூரோ சாக்கே மதுக் குடுவையோடு வந்தான். "உன் பேரைத்தான்டா சொன்னேன், குன்பெய். பிரபு கேக்கல. நான் என்ன பண்ணட்டும்?" என்றான். கண் கலங்கியிருந்தது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டு அவன் கிண்ணத்தில் ஊற்றினேன். வேறு யார் செய்திருந்தாலும் பொறுத்திருப்பேன்.

பிறகு அந்த ஓகிதா விவகாரம் வந்தது. அதிகாரி ஒருவரைக் கொன்றுவிட்டு மலைக்கோயிலில் ஒளிந்திருந்தான். அவனை வெட்டிவரும்படி ஹன்ஜூரோவுக்குப் பிரபு ஆணையிட்டார். சாட்சிகளாக நானும் முதியவர் தோயாமாவும் போக வேண்டும். முந்தின நாள், வழக்கம்போல வாளை என்னிடம் கொடுத்தான்.

வாளின் அலகைப் பிடியோடு பிணைப்பது ஒரு மூங்கில் ஆணி. அதன் நடுப்பகுதியை வெட்டி எடுத்தேன். இரு முனைகளை மட்டும் துளையின் இரண்டு பக்கமும் சோற்றுப் பசையால் ஒட்டினேன். பார்வைக்கு முழு ஆணிதான்.

என்னை நியாயம் தெரியாதவன் என்று எண்ண வேண்டாம். தப்பிக்க வழி வைத்துத்தான் செய்தேன். வாளை உருவும் முன் ஆணியை நாக்கால் நனைப்பது நம் வழக்கம். ஈரத்தில் மூங்கில் உப்பி இறுகும். அந்தப் பசையில் எச்சில் பட்டால் துண்டு கையோடு வந்துவிடும். நனைத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

கோயில் படியில் தோயாமா நினைவூட்டவும் செய்தார். "ஆணிய நனைச்சுக்கோங்க."

ஹன்ஜூரோ சிரித்தான். "இது குன்பெய் பூட்டின வாளுங்க. நான் நனைச்சுப் பார்த்தா, அவனச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்." என் தோளைத் தட்டிவிட்டுப் படியேறினான்.

எனக்குத் துரோகம் செய்தவன், என் கைபட்ட வாளை அப்படி நம்புவானா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்திருக்கும், கட்டாயம் நனைத்திருப்பான். காட்டிக்கொடுத்தது அவனில்லை என்று அந்தக் கணமே எனக்குப் புரிந்தது. 'நில்லுடா' என்று ஒரு வார்த்தை போதும். ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொன்னால் தோயாமா வாளை வாங்கிப் பார்ப்பார். என் மானம் என்ன ஆவது?

முதல் வீச்சை ஓகிதா தடுத்ததுமே அலகு கழன்று தரையில் விழுந்தது. வெறும் பிடியோடு நின்ற ஹன்ஜூரோ திரும்பி என்னைத்தான் பார்த்தான். என்னைக் குற்றம் சொல்லும் பார்வை இல்லை அது. உதவிக்கு வருவேன் என்று எதிர்பார்த்தான்.

அவன் விழுந்த பிறகு போனேன். ஓகிதாவை வெட்டியது நான்தான். மணிக்கட்டு வலிக்கவே இல்லை. பிரபு மகிழ்ந்து ஆசான் பதவியை எனக்குத் தந்தார். ஹன்ஜூரோவின் வாள்பிடியைக் கழற்றிப் பார்த்து நீங்கள் ஆணித் துண்டுகளைக் கண்டெடுக்கும்வரை அந்த வேலையை ஒழுங்காகவே செய்தேன்.

மணிக்கட்டு விஷயத்தை யார் சொன்னார்கள் என்று ஓரினிடம் நான் கேட்கவில்லை. இனியும் கேட்கப் போவதில்லை. எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: ஹன்ஜூரோவைக் கொன்றது நான். ஆனால் ஆணியை நனைக்காமல் போய் என்னைக் கொலைகாரன் ஆக்கியது அவன். எனக்கு அவன் செய்த துரோகம் அதுதான்.