தம்பு மாமாவின் பெயரில் எடுத்த துவக்கு

ஹலோ... ஹலோ, வலன்ரைன்... ஓம், நான்தான், கத்தரின் அக்கா. கேக்குதே?... ஓம், ஓம். நம்பர் வேறதான். இது வேணுஜாவின்ர போன்... தம்பு மாமான்ர பேத்தி. நான் இப்ப பெரியமடுவில, அவையின்ர வீட்டில நிக்கிறன்.

வைச்சுப்போடாதை. மத்தியானம் தொடக்கம் என்ர போனில நாலுதரம் எடுத்தனான், நீ எடுக்கேல்ல... வேலைக்குப் போறியே. சரி, காரை ஓரமா நிப்பாட்டு... அஞ்சு நிமிசம் வலன். அஞ்சு நிமிசம் பிந்தினால் கனடாவில ஆரும் தூக்கில போடமாட்டினம்.

... ஓம். அந்த வீடியோவைப் பற்றித்தான்.

பாத்தனான். முழுக்கப் பாத்தனான். சேர்மனைச் சுட்ட கை இதுதான் எண்டு தலைப்பு. கீழ தம்பு மாமான்ர படம். அதுவும் மாமான்ர மகன்ர கலியாணத்தில எடுத்த படம், பக்கத்தில நிண்ட மாமியை வெட்டிப்போட்டாய்... எத்தினை பேர் பாத்தால் எனக்கென்ன... இரண்டு லட்சமே. சரி. அந்த இரண்டு லட்சத்தில பன்ரெண்டு பேர் இப்ப இஞ்ச கேற்றடியில நிக்கினம். மோட்டச்சைக்கிளில வந்து, போனைத் தூக்கிப் பிடிச்சு வீட்டைப் படமெடுக்கினம். ஒருத்தன் மதிலில ஏறி நிண்டு, சுட்ட கையைக் காட்டு கிழவா எண்டு கூப்பிடுறான். இராசேஸ்வரி மாமி யன்னல் எல்லாத்தையும் சாத்திப்போட்டுக் குசினிக்குள்ள இருக்கிறா. கோழியளுக்குத் தீன் போடக்கூட வெளியில போகேல்ல.

... ஆதாரம் இருக்குது எண்டு நீ சொல்லுவாய் எண்டு தெரியும். பொறு. அதுக்கு வாறன்.

நாளைக்கு ஒன்பது மணிக்கு மாமாவைப் பொலிசுக்கு வரச்சொல்லியிருக்கினம். வாக்குமூலம் எடுக்கவாம்... ஓம், உன்ர வீடியோவாலதான், வேற என்னத்தால. மாமா என்ன சொல்லுறார் தெரியுமே? கிளப்புப் புத்தகத்தில என்ர பெயர்தானே பிள்ளை கிடக்குது, ஓம் எண்டு சொல்லிக் கையெழுத்து வைச்சிட்டு வாறன் எண்டுறார்... எழுபத்தாறு வயசு மனிசன்... பாத்தியே. உனக்குக் குரல் மாறுது. ஒத்துக்கொண்டிட்டார் எண்டு அடுத்த வீடியோவுக்கு நினைக்கிறாய். இல்லை வலன். கேள்.

எங்கட கிராமசபைச் சேர்மனைச் சுட்டது ஆர் எண்டு நான் சின்னனிலயிருந்து கேட்டுக்கொண்டு வாறன். ஒருக்காக் கொழும்பு ஆக்கள். ஒருக்காக் கடலால வந்த ஆக்கள். இயக்கம் எண்டாங்கள், பிறகு இயக்கமில்லை எண்டாங்கள். கருவாட்டு யாவாரி மடுத்தீன் இருந்தவரெல்லோ, அவர் ஒருபடி மேல போய், சேர்மன் சாகவேயில்லை, இந்தியாவில பால்கடை வைச்சிருக்கிறார் எண்டு சொன்னவர். செத்தவீட்டில பெட்டியடியில நிண்டு மூக்குச் சீறினதும் அதே மடுத்தீன்தான்... சிரிக்காதை. நீ சொன்னதும் அந்தமாதிரித்தான்.

... சூட்டிங் கிளப்புக் கதையளும் அப்படித்தான். ஓடுற மாட்டுவண்டில் சில்லுக்குள்ளால சுட்டுத் தேங்காய் விழுத்தினவர் தம்பு எண்டு சொல்லியிருக்கிறாய். அதை உனக்கு ஆர் சொன்னது?... ஓம், அப்பா. செபமாலை முடிச்ச கையோட சொல்லுற கதை. வருசத்துக்கு வருசம் அந்தத் தேங்காய் தூரப் போகும். முதல்ல முப்பது யார் தூரம், கடைசியில முந்நூறு. மாமா ஒரு நாளும் அதை ஓம் எண்டும் சொல்லேல்ல, இல்லை எண்டும் சொல்லேல்ல. சிரிச்சுக்கொண்டிருப்பார்.

... சரி, புத்தகம். புத்தகத்துக்கு வாறன்.

போன மார்கழி நீ வந்து நிக்கேக்க, அப்பான்ர அலுமாரியில இருந்த சூட்டிங் கிளப்பில ஆர் துவக்கெடுத்ததெண்டு எழுதிற புத்தகத்தைப் படமெடுத்தனி. திறப்புத் தந்தது நான். தேத்தண்ணியும் போட்டுத் தந்தனான். அப்பா கிளப்புக்குச் செக்கிரட்டரியா இருந்தவர்தானே, பிள்ளை ஞாபகத்துக்கு எடுக்குது எண்டு நினைச்சன். அண்டைக்கே பக்கத்தில இருந்து சொல்லியிருக்கவேணும். அது என்ர பிழை.

என்ன எழுதியிருக்குது? நீயே சொல்லு... ஓம். பங்குனி பத்தொன்பது. மூண்டாம் நம்பர் துவக்கு. எடுத்தவர் தம்பு... ஓம், அண்டைப் பின்னேரம்தான் சேர்மனைச் சுட்டது. அதில பிழையில்லை... ஓம், அதையும் பாத்தனான். எழுத்தைப் பெரிசாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, பாருங்கோ கை நடுங்குது, கொலைக்குப் போறவன்ர கை எண்டு சொன்னனி.

வலன், அது நடுங்கின கையில்லை. பத்து வயசுப் பிள்ளையின்ர கை.

... என்ர கை. நான் எழுதினது... ஓம், நான்தான். என்ர நாலாம் வகுப்புக் கொப்பி இன்னும் வீட்டில கிடக்குது, வந்து ஒத்துப் பார்.

... சொல்லுறன். குறுக்க கதையாதை. கிளப்பில இருந்தது முழுக்க எங்கட வேதக்காரர். தம்பு மாமா ஒருத்தர்தான் சைவம். தபசுகாலம் நாப்பது நாளும் வேட்டைக்குப் போறேல்லை எண்டு எல்லாரும் கோயிலில சத்தியம் பண்ணினவை. சுவாமியார்தான் கிளப்புக்குக் காப்பாளர். ஞாயிறு பூசை முடிய எங்கட வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரிச்சுப் பாப்பார். தபசில துவக்கெடுத்தவன் ஆரும் இருந்தால் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில பெயர் வாசிப்பார்... ஓம், எல்லாருக்கும் முன்னால. அப்ப இவை என்ன செய்தவை? வேட்டையை விட மனமில்லை. தபசில ஆர் துவக்கெடுத்தாலும் தம்பு எண்டு எழுதிறது. அவர் சத்தியம் பண்ணாத ஆள்தானே.

... தெரியும். அவருக்குத் தெரியும். உங்கட சாமி என்னைக் கேக்கமாட்டார், எழுதுங்கோ எண்டு அவர்தான் சொன்னவர்.

நம்பாட்டில் மற்றப் பக்கங்களைப் பார். எல்லாம் உன்ர போனில கிடக்குதுதானே. தபசுகாலம் வந்தால் எல்லா வருசமும் தம்பு, தம்பு, தம்பு. ஒரு சனிக்கிழமை மூண்டு துவக்கு வெளியில போயிருக்குது, மூண்டும் தம்பு. அந்த மனிசனுக்கு எத்தினை கை?... பார், பார். நான் நிக்கிறன்.

வேணுஜா, யன்னலடிக்குப் போகாதை பிள்ளை. அம்மம்மாவோட போய் இரு.

... ம். பாத்திட்டியே... ஓம். எல்லா வருசமும்.

... இதைக் கேப்பாய் எண்டு தெரியும். இதுக்காகத்தான் நான் இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்ல. அண்டைக்கு ஆர் எடுத்தது.

அப்பா.

... எங்கட அப்பாதான். செபஸ்தியாம்பிள்ளை... கத்தாதை. ஏசுறதெண்டால் எனக்கு ஏசு, அவருக்கு ஏசாதை. கேள்.

உனக்கு அப்ப நாலு வயசு. நெருப்புக்காய்ச்சல் வந்து தப்பி, எலும்பும் தோலுமாப் பாயில கிடந்தனி. இறைச்சி சூப் குடுக்கச்சொல்லி டொக்குத்தர் சொல்லிப்போட்டார். அம்மா உனக்காக மடு மாதாவுக்கு நேர்த்தி வைச்சிருந்தவ, தபசு முடியுமட்டும் இறைச்சி வீட்டுக்குள்ள வரப்படாது எண்டு ஒரே பிடி. அப்பா எழும்பினார். கிளப்புத் துவக்குகள் வைச்சிருந்த முன்னறையைத் திறந்து ஒண்டை எடுத்தார், சாக்கில சுத்தினார். கத்தரின், புத்தகத்தில மாமான்ர பெயரைப் போட்டுவிடு எண்டார். மற்றவைக்கெல்லாம் அந்தப் பொய்யை எழுதினவருக்கு, தனக்கெண்டு வரேக்க எழுத மனம் வரேல்ல. என்னைக்கொண்டு எழுதுவிச்சார்.

பொழுதுபடேக்க இரண்டு கவுதாரியோட வந்தார். குசினிக்குள்ள கொண்டுபோகேல்ல. பின்வளவில மூண்டு கல்லு வைச்சு, தானே உரிச்சு, தானே காய்ச்சி, உனக்குக் கரண்டியால பருக்கினார். நீ ஒரு சொட்டு மிச்சம் விடேல்ல.

... என்ன?... இல்லை, திரும்பக் கேள். கவுதாரிக்குப் போன ஆள் வழியில சேர்மனையும்... ம். நீதான் கேட்டனி, நான் கேக்கேல்ல. உன்ர வாயால அப்பாவைப் பற்றி அந்தக் கேள்வி வரேக்க எப்படி இருக்குது?... அதேதான். அதே புத்தகம், அதே நாள், அதே துவக்கு. தம்பு எண்டால் உனக்கு ஆதாரம். அப்பா எண்டால் உனக்கு அநியாயம்.

... எனக்குத் தெரியாது வலன். சேர்மனை ஆர் சுட்டதெண்டு எனக்குச் சத்தியமாத் தெரியாது. அப்பா இரண்டு கவுதாரி கொண்டுவந்தவர், அது மட்டும்தான் நான் கண்டது. சேர்மன்ர பிள்ளையளை நினை. நாப்பத்தஞ்சு வருசமா ஒருத்தரும் அவைக்கு உண்மையைச் சொல்லேல்ல. நீயும் சொல்லேல்ல. அவையின்ர அழுகையில வீடியோ செய்தனி.

... மாமா ஏன் பேசாமல் இருக்கிறாரோ? அதைத்தான் நானும் வந்தவுடன கேட்டனான். நான் சொல்லப்போறன் மாமா எண்டன். வேண்டாம் எண்டார். செத்த மனிசனை ஏன் பிள்ளை எழுப்புறாய் எண்டார். வெள்ளம் வந்த வருசம் இஞ்ச இவை அடுப்பு மூட்ட வழியில்லாமல் இருக்க, அப்பா எங்கட தாழ்வுபாட்டிலயிருந்து சைக்கிளில கருவாடும் அரிசியும் கொண்டுவந்தவராம். இரண்டு கிழமை, ஒருநாளும் தவறாமல். எங்களுக்கு ஒருக்காலும் சொல்லேல்ல, பாத்தியே... ஓம். அதுக்காக இந்த மனிசன் நாளைக்குச் சிறைக்குப் போக வெளிக்கிட்டு நிக்கிறார். வெள்ளை வேட்டியும் தோய்ச்சுக் காயப்போட்டாச்சு.

... அழிக்கிறியே. அழி. இப்பவே அழி. ஆனால் பாத்தவை பாத்ததுதானே. உன்ர முகத்தைக் காட்டி, நான் பிழை விட்டிட்டன் எண்டு உன்ர வாயால சொல்லு. ஏன் பிழை எண்டும் சொல்லு... ஓம், அப்பான்ர பெயரையும்தான். அதைச் சொல்லாமல் என்னெண்டு சொல்லுவாய்?

... யோசிக்கவேணுமே. எத்தினை நாளைக்கு?... அவருக்கு நாளைக்கு ஒன்பது மணி வலன். அப்பா கர்த்தரிட்டப் போய்ப் பதினெட்டு வருசம். அவரின்ர கணக்கை அவர் அங்க சொல்லியிருப்பார். இஞ்ச ஒருத்தர் உயிரோட கட்டிலில சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார்... நான் உன்னை வெருட்டேல்ல. கெஞ்சுறன்.

... ஓம். கேட்டனியே? கூரையில கல்லு... இல்லை, ஒருத்தருக்கும் படேல்ல. தகரத்தில. இன்னொண்டு.

வேணுஜா, கேற்றுத் திறப்பை எடு... நான் தனியப் போறன். நீ வராதை... மாமாவுக்குச் சொல்லாதை, எழும்பப் பாப்பார்.

வலன், வைக்காதை. போனைக் கையில வைச்சிருக்கிறன். பேசாமல் கேள்.

தம்பிமார்... தம்பிமார், கல்லைக் கீழ போடுங்கோ. உள்ள ஒரு பொம்பிளைப் பிள்ளையும் இருக்குது... அவர் வரமாட்டார். நான் வந்திருக்கிறன். உங்களில ஆர் வீடியோ எடுக்கிறது?... நீங்களே. பெயரென்ன?... டிலோஜன். சரி, டிலோஜன், என்ர முகத்துக்கு நேரப் பிடியுங்கோ. ஓடுதே?

என்ர பெயர் கத்தரின். ஊர் தாழ்வுபாடு. நீங்கள் பாத்த வீடியோவைப் போட்டவன்ர சொந்த அக்கா. சேர்மனைச் சுட்ட அண்டைக்கு அந்தத் துவக்கை எடுத்தது தம்பு இல்லை, என்ர அப்பா செபஸ்தியாம்பிள்ளை. காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கவுதாரி சுட எடுத்தவர். தம்பு எண்டு புத்தகத்தில பொய் எழுதினது நான். நாளைக்குப் பொலிசுக்கு அவரோட நானும் போறன், புத்தகத்தையும் கொண்டு.

... ஓம் தம்பி, யோசிச்சுத்தான் சொல்லுறன்... அப்ப சேர்மனைச் சுட்டது ஆரோ, ஆருக்குத் தெரியும். என்ர அப்பாவைக் கொலைகாரன் எண்டு இனி நீங்கள் சொல்லுவியள், சொல்லுங்கோ. கல்லெறியிறதெண்டால் தாழ்வுபாட்டுக்கு வாங்கோ. கோயிலுக்குப் பின்னால நாலாவது வீடு. ஆளில்லாட்டில் கொஞ்சம் நில்லுங்கோ, பூசைக்குப் போயிருப்பன்.

... ஏன் தம்பி போனைக் கீழ இறக்கிட்டியள். பிடியுங்கோ, நான் இன்னும் முடிக்கேல்ல... எடுத்து முடிஞ்சுதே. சரி.

வலன்... இருக்கிறியே?... ஓம். சொல்லிப்போட்டன். கேட்டனிதானே... அழாதை. இப்ப காரை எடுக்காதை, கண் மறைக்கும்... ம். நீயும் சொல்லு. அக்கா சொல்லிட்டா எண்டதுக்காக இல்லை, உனக்காகச் சொல்லு.

... ஒருத்தன் மதிலால இறங்கி வாறான். குடிக்கத் தண்ணி கேக்கிறான். பன்ரெண்டு பேர் நிக்கினம், இஞ்ச செம்பு ஒண்டுதான்... ஓம். வைக்கிறன்.