மாறவேள் கதவைத் திறப்பானா?

— அப்ப ராஜா கதவத் தொறப்பானா மாட்டானா, மதினி? அத மட்டும் சொல்லுங்க.

— முதல்ல கையக் கழுவிட்டு வா. ஸ்கூல்ல இருந்து வந்ததும் வராததுமா ராஜா, கதவுன்னு. சனிக்கிழமையும் விடமாட்டேங்கிறானுகளா?

— பத்தாவதுக்கு ரிவிஷன். பேச்ச மாத்தாதீங்க. ஸ்டாஃப் ரூம்ல என் உசுர வாங்குறாங்க. "உங்க மதினிதான எழுதுறாங்க, கேட்டுச் சொல்லுங்க ஷைனி டீச்சர்"ங்கிறாங்க. பாவம், அந்தப் பனிமொழிய எத்தன நாளைக்குத்தான் கோபுரத்துல பூட்டி வச்சிருப்பீங்க?

— நானா பூட்டுனேன்? அவ அண்ணன் மாறவேள்ல பூட்டுனான்.

— சொல்றது நீங்கதான?

— சொல்றேன், சொல்றேன், சொல்லிக்கிட்டே கெடக்கேன். அடுப்படியில நின்னுக்கிட்டு வாய்ஸ் மெசேஜா பேசி அனுப்புறேன். உங்கண்ணே அச்சுக் கடையில உக்காந்து டைப் அடிச்சு கதை ஆப்புல ஏத்துறாரு. இம்புட்டு வருசமா இதான பொழப்பு. தொண்ட வத்திப்போச்சு ஷைனி. இந்தா, வெங்காயத்த உரி. கண்ணு எரிஞ்சா அதையும் ராஜா தலையில போட்டுறாத.

— அன்னைக்கு ராஜா சிம்மாசனத்துல உக்காந்துக்கிட்டு, "சிலிண்டர உள்ள தூக்கியாந்து வைப்பா, வாசல்ல உருட்டாத"ன்னாரே!

— அத ஏன் கேக்குற. நான் பேசிக்கிட்டு இருக்கும்போது கேஸ்காரன் வந்துட்டான். உங்கண்ணே அதையும் அச்சுப் பிசகாம அடிச்சு ஏத்திட்டாரு. கேட்டா, "குடுத்த மேட்டர்ல நான் கை வைக்கிறதில்ல"ங்கிறாரு. கல்யாணப் பத்திரிகை அடிச்சு அடிச்சு வந்த பழக்கம். மாப்பிள்ள பேரத் தப்பா எழுதிக் குடுத்தாலும் தப்பாத்தான் அடிச்சுக் குடுப்பாரு.

— கமெண்ட்ல ஒருத்தி, "மன்னரின் எளிமை என்னை அழவைத்துவிட்டது"ன்னு போட்டுருந்தா மதினி.

— அவதான் எனக்குப் புடிச்ச வாசகி.

— அய்யோ சேசுவே. எதுக்குத்தான் இந்த வானலோகம், சிறகு எல்லாம் எடுத்தீங்களோ. முன்னாடி மாதிரி குடும்பக் கதையாவே சொல்லிருக்கலாம்ல?

— அந்த ஆப்புல எடிட்டர்னு ஒரு பொண்ணு இருக்கால்ல. "மேம், ஃபேமிலி ரொமான்ஸ் இப்ப யாரும் படிக்கிறதில்ல. ஃபேண்டஸி ரொமான்ஸ் குடுங்க, ஒரு டிராகன் வச்சா நல்லாருக்கும்"ங்கிறா. டிராகனுக்கு நான் எங்க போறது? புடிச்சாந்து சிறுமலையில மேய விடுறதா?

— சின்னாளபட்டி மாலதி அக்காகூட மாறிட்டாங்களாமே?

— எல்லாரும் மாறியாச்சு. பொங்கலுக்குப் பொங்கல் மாமியார் மருமக கதை எழுதிக்கிட்டு இருந்தவ. இப்ப அவ ஹீரோ பௌர்ணமியானா ஓநாயா மாறுறான். நிஜத்துல தெருநாயக் கண்டா செருப்ப விட்டுட்டு ஓடுறவ அவ. என்னத்தச் சொல்ல. வயித்துப்பாடு எல்லாரையும் பறக்க விட்டுருச்சு.

— ஆனா உங்களுக்கு ஆரம்பத்துல புடிச்சுதான இருந்துச்சு.

— புடிச்சுது. ஒரு நிம்மதி இருந்துச்சு. குடும்பக் கதை எழுதுனா ஊரே வந்து அதுல தன் மூஞ்சியத் தேடுது. பிரிஸ்கில்லா சித்தி நகை வெவகாரத்த ஒரு சீன்ல வச்சேன். கோயில்ல புள்ளைகளுக்குப் புதுநன்மை குடுத்த அன்னைக்கு, விருந்துல என் பக்கத்து இலையில உக்கார மாட்டேன்னு எந்திரிச்சுப் போனாங்க. இப்ப பாரு, அதே சித்திக்கு ரெண்டு சிறக ஒட்டி ராஜமாதாவா வச்சிருக்கேன். போன் பண்ணி, "அந்தக் கெழவிய மட்டும் சும்மா விட்டுறாத சகாயராணி"ன்னு எனக்கே சொல்றாங்க.

— அண்ணனுக்கும் தெரியல.

— ம்.

— அந்த மாறவேள் தான்தான்னு அண்ணனுக்குத் தெரியவே இல்ல மதினி.

— கிரீடம் வச்சிருக்கான்ல. அதான் தெரியல.

— சிரிக்காதீங்க. நேத்து சோத்துல உக்காந்து சொல்றாரு, "அந்த ராஜா மனுசனே இல்ல. கூடப் பொறந்தவள இப்படியா வச்சிருப்பான்"னு. ரசத்தப் பெசஞ்சுக்கிட்டே சொல்றாரு. நான் எதிர்ல உக்காந்திருக்கேன்.

— நானும்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். முன்ன ஒருக்க நேராவே சொல்லிப் பாத்தாச்சு ஷைனி. "திண்டுக்கல்லுல ஒரு டீச்சர். அவளுக்கு ஒரு அண்ணே"ன்னு ஆரம்பிச்சேன். ரெண்டு வரி அடிச்சாரு. கம்ப்யூட்டர அமத்திட்டு வந்து படுத்துட்டாரு. அந்த வாரம் பூரா இந்த வீட்டுல ஒரு சத்தம் இல்ல. அதுக்கப்புறந்தான் டிராகன்காரிக்குச் சரின்னேன்.

— அப்ப எனக்காகவா மதினி இந்தக் கதைய எடுத்தீங்க?

— உனக்காகன்னும் சொல்லிக்கலாம். எனக்காகவுந்தான். இந்த வீட்டுல அண்ணனும் தங்கச்சியும் நேருக்கு நேர் பேசிக்கிறீங்களா? "மதினி, அண்ணன்கிட்ட கேளுங்க." "இந்தா, அவகிட்ட சொல்லிரு." நடுவுல நான் நின்னு நின்னு அலுத்துப்போனேன். சரி, கதையாவது பேசட்டும்னு விட்டேன்.

— ஆனா வேலுமணியப் போயி படகோட்டியாக்கிட்டீங்களே. அவருக்குத் தண்ணின்னாலே பயம்.

— கணக்கு வாத்தியார ஹீரோவாப் போட்டா எவ படிப்பா? வானலோகத்து இளவரசிக்கு மண்ணுலகத்துப் படகோட்டி. அப்படித்தான் கேக்குறாங்க.

— அவங்க வீட்டுல பொண்ணு கேட்டதுக்கு நாளைக்குள்ள பதில் கேட்டுருக்காங்க மதினி.

— தெரியும்.

— அவங்கம்மா கீரனூர்ல ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்காங்க. நாளைக்கு நம்ம வீட்டுல இருந்து வாங்கன்னு ஒரு வார்த்த போகலேன்னா திங்கக்கிழம அங்க போயி பூ வச்சிருவாங்க. வேலுமணியும் எத்தன வருசந்தான் அவங்கம்மாவ நிறுத்தி வப்பாரு? எனக்கே முப்பத்தெட்டு ஆச்சு.

— நாளைக்குத்தான் கெடுன்னு உங்கண்ணன்கிட்ட சொன்னியா?

— வியாழக்கிழம சொன்னேன். பேப்பர மடிச்சு வச்சாரு. "லைட்ட அமத்திரு"ன்னாரு. போயிட்டாரு.

— வேண்டாம்னு சொன்னாலாவது சண்ட போடலாம்.

— அதான் மதினி! வேண்டாம்னு ஒருநாளும் சொன்னதில்லையே. அவங்க வேற சாமி கும்புடுறவங்க, நெசவுக்காரக் குடும்பம், அது இதுன்னு ஏதாவது சொல்லலாம்ல? சொல்லல. பங்குச் சாமியாரே வந்து, "ஆயர் இல்லத்துல அனுமதி வாங்கித் தாரேன், கல்யாணத்தக் கோயில்லயே வச்சுக்கலாம்"னாரு. அதுக்கும் காப்பி குடிங்க சாமின்னாரு.

— பேசாம ரெஜிஸ்டர் ஆபீஸுக்குப் போங்களேன். நான் வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்.

— மாட்டேன். அப்பா செத்தப்ப நான் சின்னப்புள்ள. அண்ணே காலேஜ விட்டுட்டு அச்சாபீஸுக்கு வேலைக்குப் போயித்தான் என்னயப் படிக்க வச்சாரு. என் ஜடையகூட அவருதான் பின்னி விடுவாரு, ரெண்டும் ரெண்டு தினுசா இருக்கும். அவரு கையப் புடிக்காம நான் கோயில் பீடத்துக்கு நடந்து போக மாட்டேன்.

— அந்தக் கைதான் வரமாட்டேங்குது. ஆண்டனிராஜ் கடையில பத்திரிகை அடிச்சா கல்யாணம் நெலைக்கும்னு செம்பட்டியில இருந்தெல்லாம் வர்றாங்க. ஊருப் புள்ளைக பேரெல்லாம் அடிச்சுட்டாரு. உன் பேரத்தான் அடிக்க வரல.

— ஏன் மதினி? என்னதான் அவருக்கு?

— என்னத்தச் சொல்ல. எங்களுக்குப் புள்ள இல்ல. நீதான் அவருக்குப் புள்ள. நீ போயிட்டா, இந்த வீட்டுல நானும் அவரும் எதிர எதிர உக்காந்து என்னத்தப் பேசுறது? அந்தப் பயந்தான். வெளிய சொல்லத் தெரியல அவருக்கு.

— உங்களுக்கு அந்தப் பயம் இல்லயா?

— பயப்படுறதுக்கும் தெம்பு வேணும்ல. எனக்கு அது தீந்துபோச்சு. நீ போனாச் சரின்னு இருக்கு. கோவிச்சுக்காத.

— கோவிக்கல. அதான் மதினி கேக்குறேன். இன்னைக்குப் போடுற அத்தியாயத்துல ராஜா கதவத் தொறக்கட்டும். அண்ணே தன் கையால அத அடிக்கணும்ல? அடிக்கும்போது மனசு எளகும்.

— எளகும். அழவும் செய்வாரு. கண்ணத் தொடச்சுட்டு வீட்டுக்கு வந்து, "நல்லாருந்துச்சு சகாயம்"னு சொல்லிட்டு டீ கேப்பாரு. அம்புட்டுத்தான். கதையில தொறந்துட்டா, வீட்டுல தொறந்த மாதிரி ஆயிரும் அவருக்கு. இத்தன கதை சொல்லி நான் கண்டது இதான் ஷைனி. சுபம் போட்டு முடிச்சா, எல்லாரும் ரெண்டு பூப்படம் போட்டுட்டு, போனக் கவுத்தி வச்சுட்டுத் தூங்கப் போயிருவாங்க. ஒருத்தி வீட்டுலயும் ஒரு சன்னல்கூடத் தொறந்ததில்ல.

— அப்ப என்னதான் செய்யப் போறீங்க?

— செஞ்சாச்சு. காலையிலேயே அனுப்பிட்டேன். கடைசி அத்தியாயம்.

— கடைசியா? எடிட்டரு இன்னும் நீட்டச் சொன்னாங்கன்னீங்க?

— நீட்டுறதுக்கு எங்கிட்ட சத்து இல்ல.

— எப்படி முடிச்சீங்க மதினி?

— வந்ததும் படி. ஒன்னு மட்டும் சொல்லிர்றேன். படிச்சுட்டு என்னயத் தப்பா நெனைக்காத. அது உனக்குச் சொன்னதில்ல. அவருக்குச் சொன்னது.

— எனக்குப் பயமா இருக்கு.

— எனக்கும்தான். காலையில அனுப்புனதுல இருந்து ஆளு சத்தத்தையே காணோம். எப்பவும் கேட்டதும் ஒரு மெசேஜ் போடுவாரு. இன்னைக்கு இல்ல. மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரல. சோறும் வெஞ்சனமும் அப்படியே மூடிக் கெடக்கு.

— முகூர்த்த மாசம்ல. பத்திரிகை வேலை நெறய வந்திருக்கும்.

— இருக்கும்.

— கடைக்குப் போயி பாத்துட்டு வரட்டா?

— செத்த நேரம் பொறு. போன் அலறுது பாரு, உன்னுதுதான்.

— இருங்க, கை பூரா வெங்காயம்... அய்யோ, வந்துருச்சு மதினி. "நிறைவு அத்தியாயம்"னு போட்டுருக்கு.

— ஏத்திட்டாரா?

— ஏத்திட்டாரு.

— வாசி.

— நீங்க சொன்னதத்தான...

— சத்தமா வாசி.

— "கோபுரத்தின் கதவு திறந்து கிடந்தது. மாறவேள் மன்னர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் தலையில் கிரீடம் இல்லை." மாதாவே! தொறந்துட்டீங்க! மதினி, தொறந்துட்டீங்க! என்னய அம்புட்டுப் பயங்காட்டிட்டு...

— மேல வாசி.

— "அண்ணா, இத்தனை காலம் ஏன் என்று பனிமொழி கேட்டாள். மன்னர் படியில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். நீ போய்விட்டால் இந்த அரண்மனையில் யார் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள் என்று மட்டும் சொன்னார்." அழுகையா வருது மதினி.

— வாசி ஷைனி.

— "பிறகு மன்னர் எழுந்து நின்று சொன்னார். நாளை ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் பின், மண்ணுலகத்துப் படகோட்டியின் வீட்டார் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ நமது இல்லத்திற்கு வருகை தந்து சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கிறேன்." என்ன மதினி இது? வானலோகத்துல ஏது ஞாயித்துக்கிழம, ஏது பூச? ராஜா பத்திரிகை கணக்கா பேசுறாரு! அவசரத்துல என்னத்தையோ சொல்லிட்டீங்களா? கமெண்ட்ல கிழிக்கப் போறாங்க உங்கள. அடுப்ப ஏன் அமத்துறீங்க? மதினி?

— நான் சொல்லி அனுப்புனதுல அவ அந்தக் கோபுரத்துலயே செத்துப் போயிட்டா, ஷைனி.