பிறேக் மிதித்தவள்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஐயா. பிறேக் மிதிக்க மட்டும் தெரியும். அதுவும் கார் நிற்கும்போது.

மஹ்ரூப் காக்கா கொடுத்த பிறேக் எண்ணெயில்தான் பிழை என்று அவரைப் பொலிசில் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பாவம், அவரை விட்டுவிடுங்கள். அது நல்ல எண்ணெய்.

என் தம்பி யோகலிங்கம் பாலையூற்றில் வாடகைக் கார் வைத்து ஓட்டினவன். அம்மா கண்ணை மூடும்போது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். நான்தான் வளர்த்தேன். அவனுக்காகத்தான் நான் கலியாணம் கட்டவில்லை என்று ஊர் சொல்லும். நான் ஒருநாளும் அதை அவனுக்குச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாமல் இருக்கிறேன் என்பதை மட்டும் அவன் மறக்காமல் பார்த்துக்கொண்டேன்.

வருசப்பிறப்பு நெருங்கும்போது யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான். ஊர் காலியாகத் தொடங்கியது. தம்பியின் மனைவி சீதேவிக்கு நிறைமாதம். அவளைக் கந்தளாய்க்கு, தாய்வீட்டுக்குக் கொண்டுபோக முடிவெடுத்தான்.

"அக்கா, நீங்கள் வீட்டைப் பாத்துக்கொண்டு இருங்கோ. ஆளில்லாட்டி ஓட்டையும் கழட்டிக்கொண்டு போயிடுவாங்கள்."

ஓம் என்றேன். குண்டு விழுகிற ஊரில் கூரை ஓட்டின்மேல் இருந்த கரிசனை என்மேல் இல்லையே என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பயணத்துக்கு முன் பிறேக்கைத் திருத்தவேண்டும் என்றான். கார் திருத்துகிற கராச்சுகளில் எல்லாம் படைக்காரரின் வேலை முட்டிப்போயிருந்தது. அதனால் முற்றத்திலேயே சில்லுகளைக் கழற்றி, தேய்ந்த றப்பர்களை மாற்றிப் பூட்டினான். அப்படிப் பிரித்துப் பூட்டினால் எண்ணெய்க் குழாய்க்குள் காற்றுப் போய்விடும். காற்று உள்ளே நின்றால் பிறேக் மிதி தேத்தண்ணியில் ஊறின பாண் துண்டு மாதிரி அமுங்கும், கார் நிற்காது. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே இருந்து மிதிக்க, மற்றவர் கீழே படுத்துச் சில்லடியில் ஒரு சின்னத் திருகாணியைத் தளர்த்துவார். எண்ணெயோடு காற்று வெளியே வரும். ஆணியை இறுக்கும்வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளிக்காற்றை மறுபடி உள்ளே இழுத்துவிடும்.

ஆணியில் ஒரு றப்பர்க் குழாய் மாட்டி எண்ணெய்ப் போத்தலுக்குள் விட்டால் காற்று வெளியே வருவதும் வராததும் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் குழாய்க்கு எங்கே போவது? ஒரு தகரப் பேணியில் சொட்டவிட்டான். என் குரலை நம்பித்தான் ஆணியைத் திருகினான்.

"மிதியுங்கோ அக்கா."

"மிதிச்சிட்டன்."

"பிடிச்சிருக்கிறீங்களோ?"

"பிடிச்சிருக்கிறன் தம்பி."

அப்போது என் கால் மேலே வந்திருக்கும்.

மிதி அமுங்கியது. எங்காவது ஒழுகுகிறதா என்று குழாய் நெடுக விரலால் தடவிப் பார்த்தான். றப்பர்களைத் திரும்பக் கழற்றினான். மஹ்ரூப் காக்காவிடம் எண்ணெய் வாங்கி ஊற்றினான். பிறகு, "அக்கா, இன்னொருக்கா வாறீங்களோ?" என்பான். போவேன். பயணம் ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போனது. எண்ணெய்க் கையோடு குசினி வாசலில் வந்து வாயைத் திறப்பான், நான் சோறு குழைத்துத் தீத்துவேன். அந்த நாட்களில் நான் சந்தோசமாக இருந்தேன், ஐயா. உள்ளதைச் சொல்லத்தானே வந்தேன்.

மஹ்ரூப் காக்கா லொறி ஓட்டுகிறவர். ஒருநாள் வந்து மிதித்துப் பார்த்தார்.

"காத்துத்தான் தம்பி, வேற ஒண்டுமில்ல. மிதிக்கிற ஆள மாத்திப் பாருங்க."

"நான் மிதிக்கிறன்," என்று சீதேவி எழும்பினாள்.

"வயித்தோட நீர் ஏறி இறங்க வேண்டாம்," என்ற தம்பி, காக்காவைப் பார்த்துச் சிரித்தான். "அக்காவை மாத்திறதோ? நல்ல கதை. எனக்குக் காலெடுத்து வைக்கப் பழக்கினதே அவதான், காக்கா."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். திரும்ப ஏறி மிதியில் காலை வைத்தேன்.

அடுத்தநாள் காலை, திரும்பவும் விமானம் வருகுதாம் என்று ஊரெல்லாம் ஒரே கதை. இனிக் காரைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது, காக்காவின் லொறியில் போகிறோம் என்றான் தம்பி. லொறியில் போனால் போனதுதான். காரில் போனால் பிறேக் பிடிக்காமல் பயந்து, சந்தியிலிருந்தே திரும்பி வந்துவிடுவான். அப்படித்தான் நினைத்தேன்.

"கடைசியா ஒருக்கா பாப்பம் தம்பி," என்றேன். பார்த்தோம். அப்போதும் காலை எடுத்தேன். அவன் கை கழுவப் போனான். உள்ளே காற்று நிற்கிற மிதியை விடாமல் குத்திக் குத்தி மிதித்தால் கொஞ்ச நேரத்துக்குக் கல்லுப் போல நிற்கும், பிறகு பழையபடி அமுங்கும். முன்பு தம்பியே எனக்குச் சொல்லித்தந்தது. அவன் வரும்வரை மிதித்துக்கொண்டிருந்தேன். நான் இறங்கியதும் எட்டிக் கையால் அமத்திப் பார்த்தான்.

"அக்கா, சரிவந்திட்டுது," என்று என்னைக் கட்டிப்பிடித்தான்.

சீனன்குடா வளைவில் படைலொறிகள் வரிசையாக நின்றதும், கார் நிற்காமல் அதில் போய் மோதினதும் உங்களுக்குத் தெரியும். தம்பி அந்த இடத்திலேயே போய்விட்டான். சீதேவி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பிள்ளை தங்கவில்லை. நேற்றுப் பார்க்கப் போனேன். என் கையை இறுக்கிப் பிடித்து, "நல்ல காலம் மச்சாள், நீங்களாவது ஏறேல்லை," என்று அழுதாள். அதைக் கேட்டபிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை.

திரும்பி வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன், ஐயா. அதை அப்படியே எழுதுங்கள். அவன் என் பிள்ளை. ஒரு சின்னப் பயம் காட்ட நினைத்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். என்ஜினைப் போட்டபிறகு தம்பி இறங்கி வந்து பின்கதவைத் திறந்தான். "வீடு கிடக்கட்டும் அக்கா. உங்களை விட்டிட்டுப் போக எனக்கு ஏலாது. ஏறுங்கோ." அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் இத்தனையும் செய்தேன்.

"அடுப்பு எரியுது தம்பி, நீ போ," என்றேன். அன்றைக்கு நான் அடுப்பே மூட்டவில்லை. கார்க் கதவையும் நான்தான் சாத்தினேன்.