கூயா தோரோ வைத்த மூன்றாவது விளக்கு

பெயர் லிகாயா திமாகுலாங்கன். வயது நாற்பத்தாறு. கணவரும் பிள்ளைகளும் இல்லை. மரிகினா ஆற்றோரம் மீன் சந்தைக்குப் பின்புறம் வாடகை அறையில் தனியாக வசிக்கிறேன். தொலைக்காட்சித் தொடர்களில் வேலை. நடிக்கும் வேலை அல்ல. நாயகி உட்கார வேண்டிய இடத்தில் அவர் வருவதற்கு முன் நான் உட்காருவேன். என் முகத்தைப் பார்த்து விளக்குகளைச் சரிசெய்வார்கள். சரியானதும் நான் எழுந்துகொள்ள, நாயகி உட்காருவார். உயரமும் நிறமும் ஒன்றாக இருப்பதால் இந்தப் பிழைப்பு.

இறந்துபோன தெயோதோரோ கத்தாகுத்தான் என்பவர் அங்கே விளக்குகளுக்குப் பொறுப்பானவர். அண்ணன் முறை வைத்து கூயா தோரோ என்போம். படப்பிடிப்பில் என்னிடம் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். அதுவும் விளக்குக்குப் பின்னால் இருட்டில் நின்றுகொண்டு.

சம்பவத்தன்று மழைக் காட்சிக்காகத் தளத்தில் தண்ணீர் அடித்திருந்ததால் தரை ஈரமாக இருந்தது. கூயா தோரோ தனக்கு ஒரு உதவியாள் வேண்டும் என்று நிர்வாகி வில்யாலுஸிடம் கேட்டார். அதற்கு நிர்வாகி, "இஷ்டம்னா செய்யி, இல்லன்னா வீட்டப் பாத்துப் போ" என்றார். "போறேன்யா" என்று கூயா தோரோவும் சத்தமாகச் சொல்லிவிட்டு, ஒரு விளக்கும் வைக்காமல் வெளியே போனார். இதை அத்தனை பேரும் கேட்டார்கள். அதன் பிறகு அவர்கள் சாப்பிடப் போனார்கள். என்னைக் கூப்பிட ஆளில்லாததால் கொண்டுவந்த சோற்றையும் கருவாட்டையும் நாற்காலியிலேயே சாப்பிட்டேன்.

அதன் பிறகு கூயா தோரோ திரும்பி வந்தார். "அந்தாளு மேல கோவம்னா வெளக்கு என்னம்மா பண்ணும்" என்று சொல்லிக்கொண்டே வலது முன்பக்கத்துப் பெரிய விளக்கைப் போட்டார். அதற்கு மேல் அவர் என் கண்ணுக்குத் தெரியவில்லை. "மூக்கு நெழலு ஒதட்டத் தொடுது, தாடையத் தூக்கு" என்றார். தூக்கினேன். அதன் பிறகு இடப்பக்கம் தெர்மாகோல் பலகையை நிறுத்தி, அதில் ஒரு விளக்கை அடித்தார். வெளிச்சம் பட்டுத் திரும்பி என் இடது கன்னத்தில் இதமாக விழுந்தது. "இந்தப் பக்கமும் நல்லாத்தான் இருக்க. யாரும் பாக்கலன்னா மூஞ்சி கெட்டா போயிடும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நிழல் மாறிவிடும் என்பதால் அடக்கிக்கொண்டேன். சிரித்திருக்கலாம்.

அதன் பிறகு என் பின்பக்கம் போனார். "பின்னாலேருந்து ஒண்ணு அடிச்சாத்தான் ஆளு செவுத்தோட ஒட்டாம தனியாத் தெரியும். அசையாத" என்றார். என் தோளிலும் தலைமுடியிலும் வெளிச்சம் வந்தது. உடனே பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். விளக்குத் தாங்கி சாயாமலிருக்க அதன் காலில் மணல் மூட்டை வைப்பது வழக்கம். மூட்டையைத்தான் போடுகிறார் என்று நினைத்தேன். விளக்கு வைக்கிறவர் "எந்திரி" என்று சொல்லாமல் எங்கள் வேலையில் எழுந்திருக்கக் கூடாது. திரும்பவும் கூடாது. அதனால் முகமெல்லாம் நல்ல வெளிச்சத்துடன் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு ஒப்பனைக்காரர் வந்து பார்த்துக் கத்தியபோதுதான் திரும்பினேன். கூயா தோரோ ஈரத்தில் கிடந்தார். கை தாங்கியைப் பிடித்திருந்தது. மின்சாரத்தை நிறுத்தி எடுத்துப் போனார்கள். உயிர் இல்லை.

அதன் பிறகு நிர்வாகி எங்களைக் கூட்டி, "வீட்டுக்குப் போறேன்னு போனவன் எதையோ தூக்கிட்டுப் போகத் திருட்டுத்தனமா வந்திருக்கான். இதுக்கும் நம்ம வேலைக்கும் சம்பந்தமில்ல" என்றார். அப்படியே எழுதப்பட்டால் கூயா தோரோவின் மனைவி பெலெனுக்கு நட்டஈடும் கிடையாது, செத்தவருக்குத் திருடன் என்ற பெயரும் நிற்கும். நிர்வாகி என்னைத் தனியே அழைத்து, "நீ பாக்கலல்ல? பாக்கலன்னே சொல்லு" என்றார்.

நான் பார்க்கவில்லை. அது உண்மை. விளக்குக்கு முன்னால் இருப்பவளுக்கு விளக்குக்குப் பின்னால் இருப்பது தெரியாது. ஆனால் என் முகத்தில் விழுந்தது எனக்குத் தெரியும்.

நாயகிக்கு வேறு நாள் ஒழியாததால், அன்று மாலையே ஒயரை மட்டும் மாற்றிவிட்டு அந்தக் காட்சியை எடுத்தார்கள். விளக்கு வைக்க வேறு ஆள் வரவில்லை. ஒரு விளக்கையும் யாரும் நகர்த்தவில்லை. என்னை மறுபடி உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். இனி அங்கே எனக்கு வேலை இருக்காது என்று தெரிந்தே இதைச் சொல்கிறேன். அந்தக் காட்சியின் பதிவை வரவழைத்துப் பார்க்க வேண்டுகிறேன். அதில் நாயகி மிக அழகாக இருப்பார். வீட்டுக்குப் போய்விட்டுத் திருட வந்த ஆள் அந்த வெளிச்சத்தை எதற்காக வைத்தார் என்று நிர்வாகியிடம் கேட்க வேண்டுகிறேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்கு வாசித்தும் காட்டினார்கள். இதில் உள்ளது அத்தனையும் உண்மை, யார் தூண்டியும் சொல்லவில்லை.

(ஒப்பம்)
லிகாயா திமாகுலாங்கன்