ஹேமிருக்கு ஒரு கல்

காப்பிக்கு நன்றி, சோல்வி. கட்டிச் சர்க்கரை ஒன்று இருந்திருந்தால் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்சியிருப்பேன். பரவாயில்லை, சூடாக இருக்கிறதே, அது போதும். மீட்புக் குழுவில் நீயும் நானும் எத்தனையோ முறை இதைவிட மோசமான காப்பியைக் குடித்திருக்கிறோம். வாக்குமூலத்தை எழுதத் தொடங்கு, நான் எதையும் மறைக்கப் போவதில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி அம்மாள் தலைநகரிலிருந்து வந்தவர். மலைநாடும் ஆறும் அவருக்குப் பழக்கமில்லை என்பதால் சிலவற்றைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். உனக்குச் சலிப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கோடைதோறும் ஆட்களைக் குழுவாக மலைநாட்டுக்குள் நடத்திக் கூட்டிப் போவது என் வேலை. எரிமலைக் குழம்பு உறைந்த கருவெளி, அதன்மேல் படர்ந்த பாசி, வெந்நீர் ஓடை, பனிப்பாளம் எல்லாவற்றையும் காட்டுவேன். இந்த முறை வந்தது தலைநகரத்துப் பெண்கள் பாட்டுக் குழு. பேருந்து கிளம்பினால் ஒரு பாட்டு, ரொட்டியைப் பிரித்தால் ஒரு பாட்டு என்று காது நிறைந்துவிட்டது. ஆனால் நல்ல பெண்கள், சொன்ன பேச்சைக் கேட்பவர்கள். பாசியை மிதிக்காதீர்கள் என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதற்குப் பிறகு ஒருத்தி காலும் அதில் படவில்லை.

ஆற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாம்பல் ஆறு பனிப்பாளத்தின் அடியிலிருந்து வருகிறது, பாலம் கிடையாது. காலையில் முழங்கால் அளவுதான் தண்ணீர் இருக்கும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, மாலையில் ஆளை அடித்துக்கொண்டு போகும் அளவுக்கு வந்துவிடும். அகலமாகச் சலசலத்து ஓடும் இடத்தில் ஆழம் குறைவு. ஒடுங்கிச் சத்தமில்லாமல் ஓடும் இடத்தில்தான் ஆழம். நகரத்து ஆட்களுக்கு அந்தச் சத்தமில்லாத இடத்தைப் பார்த்தால்தான் இறங்கத் தோன்றும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வழிகாட்டி தன் கோலை ஊன்றி முதலில் இறங்கிப் பார்ப்பாள். அவள் காட்டிய இடத்தில், அவள் சொன்ன நேரத்தில்தான் மற்றவர்கள் இறங்குவார்கள். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆற்றைக் கடப்பதற்கு முன், இக்கரையில் ஒரு கற்குவியல் இருக்கிறது. என் கணவர் ஹேமிருக்காக நான் கட்டத் தொடங்கியது. ஆற்றில் சிக்கிக்கொண்ட ஒரு ஜெர்மன்காரனைக் காப்பாற்ற இறங்கிய ஹேமிரை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. ஒவ்வொரு குழுவையும் அங்கே நிறுத்தி இந்தக் கதையைச் சொல்வேன். ஆளுக்கு ஒரு கல் எடுத்து வைப்பார்கள். இப்போது அது என் உயரத்துக்கு வந்துவிட்டது. நான் அழாமல்தான் சொல்வேன், கேட்கிறவர்கள் அழுவார்கள்.

பாட்டுக் குழுவின் தலைவி ஆஸ்டா, பெரிய உடம்பு, பெரிய குரல். மூக்கைச் சிந்திவிட்டு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"யோருன், இப்பேர்ப்பட்ட மனுஷன் கதை இந்த ஆத்தோட போயிடக் கூடாது. நாங்க பாட்டா கட்டி கச்சேரியில பாடுறோம். ஊரே எந்திரிச்சு நின்னு கேக்கும், பாருங்க."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. எல்லோரும் கல் தேடிக் குனிந்தார்கள். ஹெர்டிஸ் என்ற ஒருத்தி மட்டும் குனியவில்லை. மெலிந்த பெண், என் வயதுதான் இருக்கும். அதுவரை அவள் முகத்தை நான் சரியாகக்கூடப் பார்த்ததில்லை.

"ஏண்டி ஹெர்டிஸ், நட்ட கம்பு மாதிரி நிக்கிற? குனிஞ்சா இடுப்பு புடிச்சுக்குமா?" என்றாள் ஆஸ்டா.

"இருக்கட்டும்டி, நீங்க வைங்க," என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் அதைக் கவனித்தேன். யார் கல் வைக்கிறார்கள், யார் வைக்கவில்லை என்று நான் எப்போதும் கவனிப்பேன்.

பிறகு ஆற்றைக் கடந்தோம். தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. இருந்தாலும் குளிரில் அவர்கள் போட்ட கூச்சலைக் கேட்டு வாத்துகள் எழுந்து பறந்தன. அக்கரையில் கொஞ்ச தூரத்தில் தங்கும் குடில். அதற்குப் பின்னால் வெந்நீர் ஓடை. அன்று எங்கள் நாட்டில் அபூர்வமாக அடிக்கும் வெயில் அடித்தது. மேகம் என்று பேருக்குக்கூட ஒன்றுமில்லை. பெண்கள் தோளெல்லாம் சிவந்து போய், மாலையில் ஆட்டுக்கறிச் சூப்புக்குக் கிழங்கு உரிக்க உள்ளே போனார்கள். உரித்துக்கொண்டே ஹேமிர் பாட்டுக்கு மெட்டுப் போட்டார்கள். நான் ஓடையில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஹெர்டிஸ் வந்து எதிரே இறங்கினாள்.

"உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும். அதுதான் மொறை," என்றாள்.

"சொல்லுங்க."

"அன்னைக்கு ஆத்துல ஜெர்மன்காரன்னு ஒருத்தனும் இல்ல. ஹேமிர் என்கிட்டதான் வந்துக்கிட்டிருந்தார். அந்தப் பக்கம் ரோட்டுல நான் கார நிறுத்திக்கிட்டு, இப்ப வருவார், இப்ப வருவார்னு நின்னேன். வரவே இல்ல."

அவள் தண்ணீரை அள்ளி முகத்தில் விட்டுக்கொண்டாள்.

"உங்க புருஷன் மேல ஆசப்பட்டது என் தப்புதான். நீங்க என்னை என்ன வேணா திட்டிக்கங்க. வாய மூடிக்கிட்டே செத்துப் போயிருப்பேன். இந்த ஒரு தடவை அந்த எடத்தப் பாத்துட்டுப் போயிடலாம்னுதான் இவளுங்களோட வந்தேன். இப்ப பாட்டு கட்டறாளுங்க. அந்தப் பொய்ய நான் வாயத் தொறந்து பாடணுமா? என்னால முடியாது, யோருன். சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லார்கிட்டயும் சொல்லிடப் போறேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. தண்ணீர் சூடு அதிகமாக இருக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று அவளைக் கேட்டேன்.

அவள் சொன்னதை நான் நம்பவில்லை என்பதையும் எழுதிக்கொள். அன்று ஹேமிர் ஒரு பையோடு போனார், உண்மைதான். சவரச் சாமான், விசேஷங்களுக்குப் போடும் ஷூ, இரண்டு நல்ல சட்டை எல்லாம் அலமாரியில் இல்லை. ஒருவனைக் காப்பாற்றப் போகிறவன் பை எடுத்துப் போகக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? நனைந்தவனுக்கு மாற்றுச் சட்டை வேண்டாமா? ஜீப்பில் போகாமல் ஏன் நடந்து போனார் என்று அப்போதும் சிலர் கேட்டார்கள். ஜீப் சாவி என் மேல்சட்டைப் பையில் இருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று எனக்கு நினைவில்லை.

உள்ளே கிழங்கு வெந்துகொண்டிருந்தது. நான் யோசித்தேன். சூப்பு பரிமாறுவார்கள். பிறகு இவள் வாயைத் திறப்பாள். முதலில் பாட்டுக் குழுவுக்குத் தெரியும், பிறகு பேருந்து ஓட்டுநருக்கு, பிறகு நம் ஊருக்கு. அம்மாளுக்குச் சொல்கிறேன், எங்கள் ஊரில் காலையில் எல்லோரும் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்துதான் பேசுவோம். ஊரில் நடக்கும் எதுவும் அங்கே வராமல் போகாது. அத்தனை வருஷமாக ஹேமிரின் மனைவி என்று எனக்கு அங்கே ஓர் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். இனி நான் இறங்கினால் பேச்சு நின்றுவிடும். அய்யோ பாவம் என்று பார்ப்பார்கள். நீயும் பார்த்திருப்பாய், சோல்வி.

"நீங்க அவருக்கு ஒரு கல்லு வைக்கலியே," என்றேன்.

அவள் உடனே அழுதுவிட்டாள். "எப்படி வைக்கறது? அத்தன பேரு முன்னால, அந்தக் கதைக்கு நானும் கல்லு வைக்கறதா?"

"இப்ப யாரும் இல்ல. போய் வச்சுட்டு வாங்க. சூப்பு ஆறதுக்குள்ள திரும்பிடலாம். அப்புறம் நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லுங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"ஆத்துல தண்ணி எப்படி இருக்கும்?"

"காலையில பாத்தீங்களே, அதே மாதிரிதான். ஆனா காலையில எறங்கின எடத்துல வேணாம். அங்க கல்லு வழுக்கும், நீங்களோ தனியாப் போறீங்க. கொஞ்சம் மேல ஏறிப் போனா ஒடுங்கின எடம் ஒண்ணு வரும். தண்ணி சத்தமே இல்லாம போகும். நாலு எட்டு வச்சா அக்கரை. என் கோலை எடுத்துக்கங்க."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இவ்வளவு நல்லவங்களா இருப்பீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல."

சால்வையை நன்றாகப் போர்த்திக்கொள்ளச் சொன்னேன்.

ஓடைக்கரையிலேயே அழகாக ஒரு கல்லைத் தேடி எடுத்தாள், கனமான கல். பையில் போட்டு முதுகில் மாட்டி, இடுப்பு வாரையும் மார்பு வாரையும் இழுத்துப் பூட்டிக்கொண்டாள். ஆற்றில் இறங்கும்போது வார்களை அவிழ்த்துவிட வேண்டும், விழுந்தால் பையை உதறிவிட்டு எழுந்திருக்கலாம். காலையில் நானே எல்லோரையும் அவிழ்க்கச் சொல்லியிருந்தேன். இப்போது சொல்லவில்லை. குழுவாகக் கடக்கும்போதுதான் அதைச் சொல்வது என் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் மேட்டைத் தாண்டி மறையும்வரை பார்த்துவிட்டு, தலை துவட்டி, உள்ளே போனேன்.

"ஹெர்டிஸ் எங்க?" என்றாள் ஆஸ்டா.

"குழம்புப் பள்ளத்துப் பக்கம் நடந்துட்டு வரேன்னு போனாங்க. தனியா இருக்கணுமாம்."

"அவ அப்படித்தான், திடீர்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா. பசிச்சா தன்னால வருவா. நீங்க உக்காருங்க," என்று எனக்கு முதல் கிண்ணத்தை ஊற்றினாள்.

குழம்புப் பள்ளம் என்பது எரிமலைக் குழம்பு உறைந்து பிளவு பிளவாகக் கிடக்கும் இடம், ஆற்றுக்கு நேர் எதிர்த் திசை. சூப்பில் உப்பு கொஞ்சம் குறைவு, மற்றபடி நன்றாக இருந்தது. சாப்பிட்டதும் பாட்டின் முதல் சரணத்தை எனக்காகப் பாடினார்கள். நான் அழுதேன். அது நடிப்பு இல்லை. ஹேமிர் தண்ணீரில் கையை நீட்டுவதாக ஒரு வரி வந்தது, அதில் என்னால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு நடந்தது உனக்கே தெரியும். நான்தான் வயர்லெஸ்ஸில் உங்களை அழைத்தேன். நீங்கள் வந்தீர்கள். நான் பள்ளத்தைக் காட்டினேன், என் சொல்லை நம்பி ஒவ்வொரு பிளவாகக் கயிறு கட்டி இறங்கித் தேடினீர்கள். நம் ஆட்களில் ஒருவன் அங்கே கணுக்காலை முறித்துக்கொண்டான். அதற்காக நான் உண்மையாகவே வருந்துகிறேன், அவனிடம் சொல்லிவிடு.

மறுநாள் ஆறு வடிந்தபோது, கீழே சரளை மேட்டில் அவள் கிடந்தாள். பை முதுகில் அப்படியே இருந்தது, கல் பையில் இருந்தது. என் கோலின் வார் அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. நீ அதை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். "யோருன், எந்த வழிகாட்டியும் கோலை அடுத்தவங்க கையில குடுக்க மாட்டாங்களே?" என்று மட்டும் கேட்டாய். கொடுக்க மாட்டோம்தான். அப்போதே நீ புரிந்துகொண்டாய் என்று எனக்குத் தெரிந்தது. நான் மறுத்து உன்னைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

அம்மாள் கேட்கிறார்கள், அவள்மேல் இரக்கம் வரவில்லையா என்று. வந்தது. நல்ல பெண், என்னிடம் முதலில் வந்து சொன்னாளே, எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள்? ஆனால் இதையும் யோசித்துப் பாருங்கள். அந்தக் கதையால் யாருக்கு என்ன கெடுதல்? கல் வைத்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் நல்ல மனதோடு திரும்பிப் போனார்கள். அவள் ஒருத்தியால் பாட முடியவில்லை என்றால் உதட்டை மட்டும் அசைத்திருக்கலாம். இத்தனை வருஷத்தில் என் குழுவில் வந்த ஒருவரையும் நான் ஆற்றுக்குக் கொடுத்ததில்லை. ஹெர்டிஸை அந்தக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை, அவள் மலையைப் பார்க்க வந்தவள் அல்ல.

முடிந்ததா? சரி, படித்துக் காட்டு.

ஆமாம். மாலையில் ஆறு பெருகும் என்று தெரிந்தே அனுப்பினேன், சரி. ஆழமான இடத்தைத் தெரிந்தே காட்டினேன், அதுவும் சரி. தேடியவர்களைத் திசை மாற்றினேன், சரி. 'மரணத்துக்குக் காரணமானேன்' என்று ஏன் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறாய், சோல்வி? கொன்றேன் என்றே எழுது. எனக்காக எதையும் மழுப்ப வேண்டாம். எத்தனை வருஷம் போட்டாலும் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன், அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

ஆனால் நடுவில் ஒரு வரி படித்தாயே, 'கணவர் ஹேமிர் தன்னை விட்டுவிட்டு ஹெர்டிஸிடம் போய்க்கொண்டிருந்தபோது' என்று. நான் அப்படிச் சொல்லவில்லை. அவர் ஒரு ஜெர்மன்காரனைக் காப்பாற்றப் போனார். அந்த வரியை அடித்துவிட்டுக் கொடு, கையெழுத்துப் போடுகிறேன்.